பங்கு பிரிப்பவரே முதலில் எடுப்பதா?

ஊரில் பாகப்பிரிவினை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். அண்ணன் நிலத்தைப் பங்கு போடுவான். தம்பி தனக்கு வேண்டிய பங்கை முதலில் எடுத்துக்கொள்வான். பங்கு போட்டவனுக்குக் கடைசியில் மிஞ்சியதுதான். எந்தப் பங்கு தன் தலையில் விழும் என்று தெரியாததால், கிணற்றையும் நஞ்சையையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிட அண்ணனுக்குத் துணிவு வராது. சட்டம் படிக்காத பெரியவர்கள் கண்டுபிடித்த நியாயம் இது.

ஓட்டுப் போடும் வார்டுகளைப் பிரிப்பதில் இந்த நியாயம் காற்றில் விடப்படுகிறது. பங்கு போடுவதும் ஆளுங்கட்சி. முதலில் எடுத்துக்கொள்வதும் ஆளுங்கட்சி. ஆட்சி மாறினால் கை மாறுகிறதே தவிர, வழக்கம் மாறுவதில்லை. இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். நாம் பிழைக்க வந்த இந்த மும்பை நகரமே போதும்.

227, 236, மறுபடியும் 227

மும்பை மாநகராட்சியில் 227 வார்டுகள் இருந்தன. 2021 நவம்பரில், உத்தவ் தாக்கரே முதல்-மந்திரியாக இருந்தபோது, மந்திரிசபை கூடி இதை 236 ஆக உயர்த்த முடிவு செய்தது. ஜனத்தொகை பெருகிவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. பெருகியிருக்கலாம். ஆனால் புதிய கணக்கெடுப்பு எதுவும் அப்போது கையில் இல்லை. 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு வரவேண்டிய 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாரதீய ஜனதா, தங்களுக்குச் சாதகமாக வார்டுகளை வெட்டி ஒட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டியது.

2022 ஜூன் 30-ந் தேதி ஆட்சி மாறியது. ஏக்நாத் ஷிண்டே பாரதீய ஜனதா ஆதரவுடன் முதல்-மந்திரியானார். ஆகஸ்டு மாதமே புதிய மந்திரிசபை 236-ஐ ரத்து செய்து 227-க்குத் திரும்பியது. இப்போது கூச்சலிடுவது உத்தவ் சேனையின் முறையாயிற்று. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய், 2023-ல் தள்ளுபடி ஆனது.

கணக்குப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மும்பையின் ஜனத்தொகை 1 கோடியே 24 லட்சத்து 42 ஆயிரம். 227 வார்டு என்றால் வார்டுக்குச் சராசரி 54,800 பேர். 236 வார்டு என்றால் 52,700 பேர். வித்தியாசம் இரண்டாயிரத்துச் சில்லறை. கவுன்சிலருக்கு வேலைப்பளு குறைய இது போதாது. ஆனால் ஒன்பது வார்டை நுழைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள பல வார்டுகளின் எல்லைக் கோடுகளை நகர்த்தியாக வேண்டும். எண்ணிக்கை கூடுவதை எல்லாரும் பார்ப்பார்கள். கோடு நகர்வதைக் கட்சிக்காரர்கள் மட்டுமே பார்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. வார்டு எல்லைகளை வரையும் அதிகாரம் மாநிலத் தேர்தல் கமிஷனிடம் இருந்தது. 2022 மார்ச்சில் மராட்டிய சட்டசபையும் மேல்-சபையும் சட்டத் திருத்தம் செய்து, அந்த அதிகாரத்தை மாநில அரசின் கைக்கு மாற்றின. எதிர்த்து ஓட்டு விழவில்லை, ஏகமனதாக நிறைவேறியது. எலியும் பூனையுமாகச் சண்டையிட்ட கட்சிகள், கோடு போடும் பேனாவை நடுவரிடமிருந்து பிடுங்குவதில் மட்டும் கைகோத்துக்கொண்டன. இன்று உன் கையில், நாளை என் கையில் என்பதுதான் அந்த ஒற்றுமையின் பொருள்.

கோடு எப்படி ஏமாற்றும்?

கோட்டை இப்படிப் போட்டால் என்ன, அப்படிப் போட்டால் என்ன, ஓட்டு ஓட்டுத்தானே என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கு போட்டால் விளங்கிவிடும்.

500 வீடுகள் உள்ள ஒரு பேட்டை. அதில் 300 வீடு ஒரு கட்சிக்கு, 200 வீடு மற்றொரு கட்சிக்கு. நூறு நூறு வீடாக ஐந்து வார்டு பிரிக்க வேண்டும். எல்லா வார்டிலும் 60-க்கு 40 என்று வரும்படி கோடு போட்டால், பெரிய கட்சிக்கு ஐந்து வார்டும் கிடைக்கும். 200 வீட்டுக்காரர்களுக்கு ஒரு கவுன்சிலரும் இல்லை. வேறு விதமாகப் போடுவோம். பெரிய கட்சியின் வீடுகளில் 165-ஐ இரண்டு வார்டுகளில் திணித்துவிட்டு, மற்ற மூன்று வார்டுகளிலும் சின்னக் கட்சிக்கு 55, பெரிய கட்சிக்கு 45 என்று அமைத்தால், 200 வீடு உள்ள கட்சி மூன்று வார்டுகளில் ஜெயித்து ஆட்சி அமைக்கும். 300 வீடு உள்ள கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும். ஓர் ஓட்டுகூட மாறவில்லை. கள்ள ஓட்டு இல்லை, பணம் கொடுக்கவில்லை, பெட்டியைத் தூக்கவில்லை. பென்சிலும் வரைபடமும் போதும்.

அமெரிக்காவில் இந்த வித்தைக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1812-ல் மாசசூசெட்ஸ் மாநில கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி, தன் கட்சிக்குச் சாதகமான ஒரு வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தொகுதி பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்னும் பிராணியின் வடிவில் வளைந்து நெளிந்து கிடந்தது. கவர்னர் பெயரையும் பிராணியின் பெயரையும் சேர்த்து 'ஜெரிமாண்டர்' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

2019-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படிப்பட்ட இரண்டு வழக்குகள் சேர்ந்து வந்தன. வட கரோலினாவில் குற்றவாளிக் கூண்டில் நின்றது குடியரசுக் கட்சி. மேரிலாந்தில் நின்றது ஜனநாயகக் கட்சி. இது அரசியல் பிரச்சினை, மத்திய கோர்ட்டுகள் தீர்க்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. பிறகு என்ன நடக்கும்? 2025-ல் டெக்சாஸ் மாநிலம், கணக்கெடுப்பு எதுவும் இல்லாத நடு வருடத்தில், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் விதத்தில் வரைபடத்தை மாற்றியது. அதற்குப் பதிலடியாகக் கலிபோர்னியா தன் வரைபடத்தை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. கலிபோர்னியாவில் 14 பேர் கொண்ட நல்ல கமிஷன் ஒன்று இருந்தது. இரு பெரிய கட்சிகளையும் சேர்ந்தவர்கள் ஐந்து ஐந்து பேர், இரண்டையும் சேராதவர்கள் நான்கு பேர். அது வரைந்த வரைபடத்தைத்தான் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தார்கள். ஒருவன் அநியாயம் செய்தால் நியாயமாக இருந்தவனும் கெட்டுப்போகிறான் என்பதற்கு இது பாடம்.

நம்மிடமே நல்ல வழி உண்டு

அமெரிக்காவைப் பார்த்து நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. பாராளுமன்ற, சட்டசபைத் தொகுதிகளைப் பிரிக்க நம் நாட்டில் 1952 முதலே சட்டப்படி தனிக் கமிஷன் உண்டு. 2002-ல் அமைக்கப்பட்ட கமிஷனுக்கு சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தேர்தல் கமிஷனின் பிரதிநிதி ஒருவரும் அந்தந்த மாநிலத் தேர்தல் கமிஷனரும் உறுப்பினர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்களும் ஐந்து சட்டசபை உறுப்பினர்களும் துணை உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பேசலாம், மறுப்பு எழுதலாம். ஆனால் ஓட்டுரிமை கிடையாது. நகல் வரைபடத்தோடு அவர்களுடைய மறுப்பையும் சேர்த்து வெளியிட வேண்டும். பிறகு பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும். கட்சிக்காரனின் வாயைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிப்போட்ட ஏற்பாடு இது.

அதன் பலனை மும்பையிலேயே பார்த்தோம். 1971 கணக்கெடுப்பின்படி பிரித்த சட்டசபைத் தொகுதிகளே 2008 வரை நீடித்தன. மும்பை நகர மாவட்டத்துக்கு 17, புறநகர் மாவட்டத்துக்கு 17. ஆனால் 2001-ல் நகரத்தில் 33 லட்சம் பேர், புறநகரில் 86 லட்சம் பேர். அதாவது கொலாபாவிலும் மலபார் ஹில்லிலும் சராசரியாக 2 லட்சம் பேருக்கு ஓர் எம்.எல்.ஏ.; அந்தேரியிலும் காட்கோபரிலும் 5 லட்சம் பேருக்கு ஓர் எம்.எல்.ஏ. புறநகரில் குடியிருந்தவரின் ஓட்டுக்கு நகரவாசி ஓட்டின் மதிப்பில் பாதிகூட இல்லை.

2008-ல் கமிஷன் இதைச் சரி செய்தது. நகரத்துக்கு 10, புறநகருக்கு 26. இரண்டு பக்கமும் ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று நிரவப்பட்டது. பணமும் செல்வாக்கும் குவிந்த தெற்கு மும்பை உள்ளிட்ட நகரப் பகுதியிலிருந்து ஏழு இடங்களை எடுக்கும் தைரியம் எந்த மந்திரிசபைக்கு வந்திருக்கும்? பேனா வேறு கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கமிஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. புதுக்கோட்டைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதே 2008 சீரமைப்பில் புதுக்கோட்டை பாராளுமன்றத் தொகுதி மறைந்தே போயிற்று. மாவட்டத்தின் ஆறு சட்டசபைத் தொகுதிகளையும் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என்று நான்கு பாராளுமன்றத் தொகுதிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். அறந்தாங்கிக்காரரும் விராலிமலைக்காரரும் ஒரே மாவட்டம்; பார்க்க வேண்டிய எம்.பி. வேறு வேறு. நடுநிலையாளரும் தவறு செய்வார். ஆனால் அந்தத் தவறில் சுயலாபம் இல்லை. எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ள இடம் உண்டு. சுயலாபத்துக்காகச் செய்த தவறை எடுத்துச் சொன்னால், அது சரியாக வேலை செய்கிறது என்று அவர்கள் மகிழ்ந்துதான் போவார்கள்.

வார்டு பிரிப்புக்கும் இதைப் போன்ற ஏற்பாடு ஏன் கூடாது? தமிழ்நாட்டில் 2017-ல் சட்டம் செய்து, மாநிலத் தேர்தல் கமிஷனரைத் தலைவராகக் கொண்ட வார்டு மறுவரையறை கமிஷன் அமைத்தார்கள். கேரளத்திலும் அப்படியே. மற்ற உறுப்பினர்கள் அதிகாரிகள்தான் என்பதால் அதிலும் குறை உண்டு. என்றாலும் மந்திரிசபை நேரடியாகக் கோடு போடுவதைவிட அது ஒரு படி மேல்.

பெங்களூரு கதையும் மும்பைக் கதைக்குச் சளைத்ததல்ல. அங்கே மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 198 ஆக இருந்த வார்டுகளை 2022-ல் பாரதீய ஜனதா அரசு 243 ஆக்கியது. 2023-ல் வந்த காங்கிரஸ் அரசு அதை 225 ஆகக் குறைத்தது. 2025-ல் மாநகராட்சியையே ஐந்தாக உடைத்து வார்டுகளை 369 ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் தேர்தல் தள்ளிப்போனதும் உண்டு.

நஷ்டம் யாருக்கு?

மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ந் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரி 15-ந் தேதி. நடுவில் மூன்று வருடம் பத்து மாதம். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. வார்டு தகராறு மட்டும் இந்தத் தாமதத்துக்குக் காரணமல்ல. பிற்பட்டோர் இடஒதுக்கீடு வழக்கும் சேர்ந்துகொண்டது. ஆனால் வரைபடத்தைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டதில் போன காலம் கொஞ்சமல்ல. கடைசியில் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கெடு விதித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அந்தக் காலம் முழுவதும் நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2025-26-க்கு 74,427 கோடி ரூபாய் பட்ஜெட். பல சிறு மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரிது. அதைத் தயாரித்தவர்களும் அதிகாரிகள், அங்கீகரித்தவரும் அதிகாரி. என் தெருவுக்கு ஏன் ஒன்றுமில்லை என்று எழுந்து கேட்க ஓர் ஆள் கிடையாது.

மலபார் ஹில்லில் இருப்பவருக்குக் கவுன்சிலர் இல்லாததால் பெரிய நஷ்டம் இல்லை. டெலிபோனை எடுத்தால் அதிகாரியே பேசுவார். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூர்ச் சாலிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அப்படியா? பொதுக் கழிப்பிடத்தில் கதவு உடைந்தால், குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்தால், மழைக்கு முன் கால்வாய் தூர் வாராவிட்டால், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு சிபாரிசு வேண்டுமானால், நாம் போய் நிற்கும் முதல் வாசல் கவுன்சிலர் வீட்டு வாசல்தான். எம்.பி.யை நாம் பார்ப்பது தேர்தலின்போது மட்டும். பாஷை தெரியாத ஊரில் அரசாங்கம் என்பதே நமக்கு அந்த ஒரு மனிதர்தான்.

கோடு போடுவதிலும் நமக்கு நேரடி அக்கறை உண்டு. நம்மவர்கள் ஊர்க்காரர், உறவுக்காரர் என்று ஒரே பக்கம் சேர்ந்து குடியிருப்பவர்கள். அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பை ஒரே வார்டில் வைத்தால் எந்தக் கட்சிக்காரனும் நம்மைத் தேடி வருவான். நடுவே கோட்டை இழுத்து மூன்று வார்டில் ஓரமாக ஒட்டவைத்தால், மூன்று பேருக்கும் நாம் வேண்டாதவர்கள். சயான் கோலிவாடா சட்டசபைத் தொகுதியில் கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என்று மூன்று முறை வென்றார். அவர் கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஒரு தமிழர் இந்த நகரத்தில் சட்டசபைக்குப் போக முடிந்தது, நம் ஓட்டு ஓரளவு ஓரிடத்தில் சேர்ந்திருந்ததாலும் அக்கம்பக்கத்து மராட்டியரும் மற்றவர்களும் ஓட்டுப் போட்டதாலும்தான் என்பதை மறக்கக் கூடாது.

இதனால் தமிழர் வார்டு என்று தனியாக வெட்டித் தரக் கேட்கிறோம் என்று யாரும் அர்த்தம் பண்ண வேண்டாம். அதுவும் ஜெரிமாண்டர் வேலைதான். நாம் அதைக் கேட்டால் நாளைக்கு வேறொருவர் நம்மை ஒதுக்கிக் கோடு போடும்போது வாய் திறக்க முடியாது. நாம் கேட்பது, ரோடு, ரயில் பாதை, கால்வாய் என்று இயற்கையாக அமைந்த எல்லையைப் பார்த்துக் கோடு போடுங்கள். ஒரே சாலை, ஒரே குடியிருப்பை அறுக்காதீர்கள் என்பதுதான். அது தமிழருக்கு மட்டுமல்ல, கொங்கணியருக்கும் உத்தரப் பிரதேசத்துக்காரருக்கும் சேர்த்துக் கேட்கும் நியாயம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வார்டு வரையும் அதிகாரம் மந்திரிசபையிடமிருந்து போக வேண்டும். ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில், மாநிலத் தேர்தல் கமிஷனரும் சேர்ந்த ஒரு கமிஷனிடம் அது இருக்கட்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலிருந்தும் சம எண்ணிக்கையில் ஆட்களை அழைத்து உட்காரவைக்கலாம். பேச உரிமை, ஓட்டு இல்லை.

இரண்டாவது, கணக்கெடுப்பு முடிந்தபின் ஒரு முறை மட்டுமே கோடு மாற வேண்டும். ஆட்சி மாறியதற்காகக் கோடு மாறக் கூடாது. பதவிக்காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது வரைபடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நகல் வரைபடத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தால் போதாது. எந்த வார்டில் எத்தனை பேர், எந்தத் தெரு எங்கே போகிறது, ஏன் போகிறது என்று சாதாரண மனிதனுக்குப் புரிகிற பாஷையில் எழுதி வெளியிட வேண்டும். ஆட்சேபணையை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

எந்த வார்டு பெண்களுக்கு, எந்த வார்டு பிற்பட்டோருக்கு என்பதைப் பொதுமேடையில் குலுக்கல் சீட்டு எடுத்து முடிவு செய்கிறோம். யாருடைய கையையும் நம்பாமல் சீட்டை நம்புகிறோம். அந்த வார்டின் எல்லையையே போடுகிற கையை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும்?

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. 2027 மார்ச் 1-ந் தேதியைக் கணக்குத் தேதியாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இனி வரும் கோடுகள் போடப்படும். தாராவி புனரமைப்பால் இடம் மாறுகிறவர்கள் எங்கே எண்ணப்படுகிறார்கள் என்பது அதில் முக்கியம். கணக்கெடுப்பவர் வரும்போது ஊருக்குப் போயிருந்தேன் என்றால், ஏட்டில் நாம் இல்லை. ஏட்டில் இல்லாதவனுக்கு வரைபடத்தில் இடம் கிடையாது. கணக்கெடுப்பவரிடம் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் சொல்லுங்கள். ஓட்டர் பட்டியலில் பெயரை ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக வைத்துக்கொள்வது குற்றம். வருடம் பூராவும் இங்கே இருந்து உழைக்கிறவர் இங்கேயே பதிந்துகொள்ளுங்கள். நகல் வரைபடம் வரும்போது, ஆபீசில் வேலை பார்க்கும் படித்த நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, சாலில் இருக்கும் நம்மவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஆட்சேபணை மனு எழுதிக் கொடுங்கள். தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றம் நடத்துவதோடு இதையும் செய்தால் புண்ணியம் உண்டு.

நமக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருக்கும்போது கோடு வளைந்தால் பேசாமல் இருந்துவிட்டு, பிடிக்காத கட்சி வளைக்கும்போது மட்டும் கூச்சல் போடுவது நியாயமல்ல. இந்தக் குற்றத்தில் எல்லாக் கட்சியும் பங்காளி என்பதை மேலே பார்த்தோம். ஓட்டுப் போடுகிறவன் எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும், கோடு போடுகிற விஷயத்தில் மட்டும் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டும்: அண்ணே, பங்கு போட்டது நீங்கள், முதலில் எடுப்பதும் நீங்களா?